வீட்டு ஷெட்டில் வெல்டிங், ஈயம் உருக்கல், ரசமணி... ராத்திரி வரும் காய்ச்சலுக்கு மழைதான் காரணமா?

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் பக்கமெல்லாம் வெளியில் செய்கிற வேலைகள் அப்படியே உள்ளே நகர்ந்துவிடும். கணவாய் வழியாக வருகிற காற்று ஒரு பக்கம், விட்டு விட்டு தூறல் ஒரு பக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கதவு ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டுதான் பல வீடுகளில் வேலை நடக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கற்பனை செய்து பாருங்கள். வாரநாளில் அலுவலக வேலை பார்க்கும் ஒரு இளைஞர். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கியிருக்கிறார். யூடியூப் பார்த்துப் பழகியாயிற்று. மாடியில் மிச்சம் கிடக்கும் ஜிஐ பைப்பை வைத்து பூந்தொட்டி ஸ்டாண்டு செய்யலாம் என்று உட்காருகிறார். தூறல் விழுகிறது. ஈரத்தில் வெல்டிங் செய்தால் ஷாக் அடிக்கும் என்று சரியாகவே யோசித்து, எல்லாவற்றையும் கார் ஷெட்டுக்குள் எடுத்துப்போய் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிடுகிறார். மூன்று மணி நேரத்தில் ஸ்டாண்டு ரெடி.

சாயங்காலம் காபி குடிக்கும்போது வாயில் ஏதோ தித்திப்பும் துரு வாசமும் கலந்த மாதிரி ஒரு ருசி. தொண்டை வறட்சி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் குளிர் நடுக்கம், உடம்பு வலி, காய்ச்சல். "சாரல்ல நனைஞ்சல்லா, அதான்" என்று சொல்லி அம்மா கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். ஒரு பாராசிட்டமால். செவ்வாய்க்கிழமை ஆள் பழையபடி ஆபீசில். அடுத்த ஞாயிறு மறுபடியும் வெல்டிங் மெஷின் வெளியே வருகிறது.

இந்தக் காய்ச்சலுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது: 'மெட்டல் ஃப்யூம் ஃபீவர்', அதாவது உலோகப் புகைக் காய்ச்சல். இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோய் இல்லை. 1830-களிலேயே இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர் சார்லஸ் டர்னர் தாக்ரா, பித்தளை வார்ப்புத் தொழிலாளர்களுக்கு வரும் குளிர்க்காய்ச்சல் பற்றி எழுதியிருக்கிறார். இப்போது அதே காய்ச்சல் பட்டறையைத் தாண்டி, பொழுதுபோக்காக வேலை செய்பவர்களின் வீடுகளுக்குள்ளும் வருகிறது.

பைப்பில் இருந்து புகை எப்படி வருகிறது?

ஜிஐ பைப், ஜிஐ ஷீட் எல்லாமே துருப்பிடிக்காமல் இருக்க துத்தநாகம், அதாவது ஜிங்க் பூசிய இரும்பு. இரும்பு உருக சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதித்தே போய்விடும். ஆகவே இரும்பை ஒட்டவைக்கும் அளவுக்குச் சூடாக்கினால், மேலே இருக்கும் பூச்சு ஆவியாகத்தான் செய்யும். அந்த ஆவி காற்றில் பட்டதும் ஜிங்க் ஆக்சைடாக மாறி வெள்ளைப் புகையாகக் கிளம்புகிறது. வேலை முடிந்த பிறகு பைப் மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படிந்திருப்பதும் அதுதான்.

இந்தத் துகள்கள் ஒரு மைக்ரானைவிடச் சின்னவை. மூக்கில் இருக்கும் முடியோ சளியோ பிடித்து நிறுத்த முடியாத அளவு. நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே உடம்பு அதை ஒரு கிருமித் தாக்குதல் போலவே எதிர்கொள்கிறது. அதனால்தான் காய்ச்சல். பெரும்பாலும் 4 முதல் 12 மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு நாளில் தானாகவே இறங்கிவிடும்.

தொழில்முறை வெல்டர்கள் மத்தியில் இதற்கு 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்று ஒரு பெயர் உண்டு. தினமும் புகையில் நிற்கும்போது உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது. வார இறுதியில் லீவு எடுத்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போய், திங்கட்கிழமை மறுபடி காய்ச்சல் வருகிறது. வாரம் ஒருமுறை மட்டும் மெஷினை எடுப்பவருக்கு அந்தப் பழக்கம்கூட வருவதில்லை. அவருக்கு எல்லா ஞாயிறும் திங்கட்கிழமைதான். (பழகிப்போவது நல்லது என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. காய்ச்சல் வராவிட்டாலும் புகை உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது.)

பழைய பித்தளைப் பாத்திரத்தை உருக்கி சின்னச் சின்ன பொம்மை, சாவிக்கொத்து வார்க்கும் வீடியோக்களும் இப்போது ஏராளம். பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அது உருகும் சூடும் துத்தநாகம் கொதிக்கும் சூடும் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மூசையில் இருந்து வெள்ளைப் புகை எழுந்தால் அதே கதைதான். சுவாமிமலையில் விக்கிரகம் வார்ப்பவர்கள் செய்கிற வேலையைப் பார்த்து வீட்டில் முயற்சி செய்பவர்கள், அவர்கள் உலோகம் ஊற்றும் இடம் எவ்வளவு திறந்தவெளியாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

டாக்டரே ஏமாற வாய்ப்பு

இதில் உண்மையான சிக்கல் இங்கேதான். மழைக்காலத்தில் தென்காசி பக்கம் ஒருவர் காய்ச்சல் என்று போனால் டாக்டருக்கு முதலில் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் ஞாபகம் வரும். அது தப்பும் இல்லை. ரத்தப் பரிசோதனை எடுத்தால் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும். அதைப் பார்த்தால் ஏதோ தொற்று மாதிரியே தெரியும். மார்பு எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மலாக இருக்கும். ஆன்டிபயாடிக் எழுதித் தருவார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் போய்விடும். மாத்திரைதான் குணப்படுத்தியது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

நேற்று என்ன வேலை செய்தீர்கள் என்ற கேள்வியைக் கேட்டால்தான் இது பிடிபடும். ஒரு வெல்டரிடம் அந்தக் கேள்வி வருவதற்குக் கொஞ்சமாவது வாய்ப்பு இருக்கிறது. வங்கி ஊழியரிடமோ, ஆசிரியரிடமோ, கல்லூரி மாணவரிடமோ யார் கேட்கப்போகிறார்கள்?

சட்டத்தின் பார்வையும் இப்படித்தான். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் ஈய நச்சு, பாதரச நச்சு, மாங்கனீசு நச்சு போன்றவற்றை அறிவிக்க வேண்டிய நோய்களாகப் பட்டியலிட்டு, அப்படி ஒரு தொழிலாளியைப் பார்க்கும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும் என்று சொன்னது. கார் ஷெட்டும் மொட்டை மாடியும் தொழிற்சாலை இல்லை. அங்கே ஆய்வாளரும் வரமாட்டார், கணக்கிலும் ஏறாது.

சரி, இரண்டு நாளில் போகிற காய்ச்சல்தானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். துத்தநாகம் மட்டும் என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான். ஏற்கனவே நுரையீரல் நோய் இருப்பவர்களுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. அதைவிட முக்கியமாக, முதல் நாள் அதே காய்ச்சல் போல ஆரம்பித்து ஆளையே கொண்டுபோகும் இன்னொரு உலோகம் இருக்கிறது.

'கேடிஎம்' ஞாபகம் இருக்கிறதா?

நகைக்கடை போர்டுகளில் ஒரு காலத்தில் 'கேடிஎம் நகைகள்' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். கேடிஎம் என்பது கேட்மியம். தங்கத்தைப் பற்றவைக்க கேட்மியம் கலந்த பொடி பயன்படுத்தினார்கள். சூடாக்கும்போது அது ஆவியாகிப் போய்விடுவதால் நகையின் மாற்று குறையாது என்பதுதான் அதன் பெருமை. ஆவியாகிப் போனது எங்கே போனது? பற்றவைத்தவரின் நுரையீரலுக்குள். அந்தக் கவலையால்தான் ஹால்மார்க் காலத்தில் கேட்மியம் ஒதுக்கப்பட்டது.

ஆனால் கேட்மியம் நகையோடு முடிந்துவிடவில்லை. பழைய இயந்திரங்களில் இருந்து கழற்றிய சில போல்ட், நட்டுகளின் மேல்பூச்சில் இருக்கலாம். சில வகை வெள்ளி பிரேசிங் ராடுகளில் கலந்திருக்கலாம். 767 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்வைக்கு ஜிங்க் பூச்சா கேட்மியம் பூச்சா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பிரிட்டனில் செவர்ன் ஆற்றுப் பாலம் கட்டும் பணியின்போது, ஒரு கோபுரத்துக்குள் இருந்த இரும்புச் சட்டகத்தைப் பிரிக்க சில தொழிலாளர்கள் போல்ட்டுகளை கேஸ் கட்டிங்கில் அறுத்தார்கள். அவற்றில் கேட்மியம் பூசியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஐந்து பேர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்துபோனார். 1966-ல் பிரிட்டிஷ் தொழில்சார் மருத்துவ இதழில் இது பதிவானது. கேட்மியத்தின் கெட்ட குணமே முதல் நாள் சாதாரண ஃப்ளூ மாதிரி நடிப்பதுதான். ஒன்றிரண்டு நாளில் குறைய வேண்டிய நேரத்தில் மூச்சுத்திணறலாக மாறி, நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

ஆக, உலோகம் சூடாக்கிய மறுநாள் காய்ச்சலோடு இருமலும் மூச்சு வாங்குதலும் கூடிக்கொண்டே போனால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்திருக்கக் கூடாது.

ரசமணி: புகையே தெரியாத ஆபத்து

திரிகூட மலையும் பொதிகையும் சித்தர்கள் பெயரோடு சேர்ந்தே பேசப்படுபவை. குற்றாலம் வருபவர்களில் மூலிகை, சித்த மருத்துவம் தேடி வருபவர்களும் உண்டு. இந்த ஆர்வத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு பொழுதுபோக்கு, பாதரசத்தைக் 'கட்டி' மணியாக்குவது. வீட்டிலேயே ரசமணி செய்வது எப்படி என்று சொல்லித் தரும் வீடியோக்களைப் பார்த்து, பழைய தெர்மாமீட்டரை உடைத்தாவது பாதரசம் எடுத்து அடுப்பில் வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ரசமணியின் பலன் பற்றிய நம்பிக்கை இங்கே விவாதம் இல்லை. அடுப்பில் வைப்பதுதான் பிரச்னை.

பாதரசம் சூடாக்காமலே ஆவியாகும். 20 டிகிரி அறை வெப்பநிலையில், மூடிய அறையின் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 மில்லிகிராம் வரை பாதரச ஆவி கலந்திருக்க முடியும். ஐரோப்பாவில் வேலையிடங்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 0.02 மில்லிகிராம். 600 மடங்குக்கும் மேல் வித்தியாசம். அதுவே அடுப்பில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஜிஐ பைப்பின் வெள்ளைப் புகையாவது கண்ணுக்குத் தெரிந்து எச்சரிக்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லிங்கன் பார்க் என்ற ஊரில் 1989 ஆகஸ்ட் மாதம் நடந்தது இது. ஒருவர் பல் அடைக்கப் பயன்படும் அமால்கம் கலவையில் இருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க, வீட்டின் அடித்தளத்தில் சின்ன உலை வைத்து உருக்கினார். அமால்கத்தில் பாதி பாதரசம். அந்த ஆவி காற்றுக் குழாய்கள் வழியாக வீடு முழுக்கப் பரவியது. வீட்டில் இருந்த பெரியவர்கள் நான்கு பேரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடலில் இருந்து பாதரசத்தை வெளியேற்றும் மருந்துகள் கொடுத்தும், சில வாரங்களுக்குள் நான்கு பேருமே இறந்துபோனார்கள். உலையைப் பற்றவைத்தவர் ஒருவர். அந்த வேலையோடு சம்பந்தமே இல்லாதவர்கள் மூன்று பேர்.

பாதரசம் என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்ட பிறகும் அந்த மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய சண்டை பல வருடம் ஓடியது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியாவும் 2018-ல் ஏற்றுக்கொண்டது.

ஈயம்: வெள்ளையா, கருப்பா?

தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ஈயச் சொம்பிலும் பித்தளைப் பாத்திரப் பூச்சிலும் இருக்க வேண்டியது வெள்ளீயம், அதாவது டின். மீன்வலைக்குக் கட்டும் குண்டிலும் பழைய பேட்டரியிலும் இருப்பது காரீயம், அதாவது லெட். நச்சு இரண்டாவதுதான். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வாங்கும் சாதாரண சால்டரிங் ஈயத்தில் இரண்டும் கலந்திருக்கும்.

இங்கே ஒரு தப்பான பயமும் உண்டு. சால்டரிங் செய்யும்போது சுருள் சுருளாக எழும் புகை ஈயப் புகை என்று பலர் நினைக்கிறார்கள். சால்டரிங் அயர்னின் 350 டிகிரி சூட்டில் காரீயம் அவ்வளவாக ஆவியாகாது. அந்தப் புகை ஈயத்தோடு சேர்ந்து இருக்கும் ரோசின், அதாவது பைன் மரப்பிசின் எரிவது. அதுவும் நல்லதில்லை; தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஈயம் உடம்புக்குள் போவது கை வழியாக. சால்டரிங் செய்த கையோடு முறுக்கு எடுத்துச் சாப்பிட்டால் போயிற்று.

குளத்திலும் அணைப் பக்கமும் மீன் பிடிப்பவர்கள் வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக் குண்டு தாங்களே வார்ப்பது வேறு கதை. காரீயம் 327 டிகிரியில் உருகும், சமையல் அடுப்பே போதும். சூடு ஏற ஏற ஆவியும் கூடும். மேலே மிதக்கும் சாம்பல் மாதிரி கசடைக் கிண்டும்போது தூசி பறக்கும். அதற்கான ஈயத்தைப் பழைய பேட்டரியை உடைத்து எடுத்தால் இன்னும் மோசம். அதில் ஆசிட் இருக்கிறது, ஈயப் பொடி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் செனகல் தலைநகர் டக்காருக்கு அருகே தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில், வீடுகளை ஒட்டியே பழைய பேட்டரிகளில் இருந்து ஈயம் எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே இறந்த குழந்தைகள் 18 பேர். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இந்த அளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று ஒரு எல்லையே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய கேட், ஜன்னல் கம்பியை பெயின்டைச் சுரண்டாமல் வெல்டிங் செய்தால் அந்த ஈயமும் புகையில் வரும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங்கில் வருவது ஹெக்சாவேலன்ட் குரோமியம். ராணிப்பேட்டை கழிவுக் குவியலால் தமிழ்நாடு அறிந்த அதே நச்சு. பிரேக் கிளீனர் போல குளோரின் உள்ள கரைப்பான் போட்டுத் துடைத்த இரும்பை ஈரத்தோடு வெல்டிங் செய்தால், முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட பாஸ்ஜீன் வாயு உருவாகலாம். எந்த உலோகமானாலும் சரி, வெல்டிங் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் முதல் பிரிவில் வகைப்படுத்திவிட்டது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

பால் குடித்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. பட்டறைகளில் பால், வாழைப்பழம், வெல்லம் சாப்பிடும் வழக்கம் ரொம்ப காலமாக இருக்கிறது. தொண்டைக்கு இதமாக இருக்கலாம். ஆனால் பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு.

வெல்டிங் ஹெல்மெட் கண்ணுக்கும் முகத்துக்கும்தான். அதன் அடிப்பக்கம் வழியாகப் புகை தாராளமாக மேலே ஏறும். கைக்குட்டை, சர்ஜிக்கல் மாஸ்க் இரண்டும் இந்தத் துகளை நிறுத்தாது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 ஓரளவு பிடிக்கும். தாடி இருந்தால் அந்தப் பொருத்தமும் போய்விடும். பாதரச ஆவிக்கு என்95 எந்தப் பயனும் இல்லை. பாதரசத்தை வீட்டில் சூடாக்குவதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. பழைய பேட்டரியை உடைப்பதற்கும் கிடையாது. கடையில் திருப்பிக் கொடுத்தால் காசும் கிடைக்கும்.

ஜிஐ பைப்பைப் பொறுத்தவரை வழி சுலபம். பூச்சில்லாத கருப்பு இரும்பு பைப் வாங்கி, வெல்டிங் முடிந்த பிறகு பெயின்ட் அடிக்கலாம். ஜிஐ-தான் வேண்டும் என்றால் ஒட்டவைக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் சில அங்குலத்துக்குப் பூச்சை கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும், அப்போதும் மாஸ்க்கோடு. மழை என்று ஷெட்டுக்குள் போகத்தான் வேண்டும் என்றால் ஷட்டர் முழுசாகத் திறந்திருக்கட்டும். ஃபேனைப் பக்கவாட்டில் வைத்து புகை முகத்தைத் தாண்டாமல் வெளியே போகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். குனிந்து புகைக்கு மேலேயே தலையை வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. சாரல் நிற்கும் வரை அந்த ஸ்டாண்டு காத்திருக்கலாம் என்றால் இன்னும் நல்லது.

அதையும் மீறி அன்று ராத்திரி குளிர் நடுக்கம் வந்தால், டாக்டரிடம் முதல் வாக்கியமே "நேத்து வெல்டிங் பண்ணேன்", "ஈயம் உருக்குனேன்", "ரசத்தை அடுப்புல வச்சேன்" என்று இருக்க வேண்டும். என்ன உலோகம், எத்தனை மணி நேரம், மூடின இடமா என்பதையும் சொல்ல வேண்டும். ராடு பாக்கெட், போல்ட், பைப் எதுவானாலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், என்ன பூச்சு என்று கண்டுபிடிக்க உதவும். மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுகினால், பாதரசம் என்றால் மூச்சு வாங்காவிட்டாலும்கூட, 108-ஐக் கூப்பிட்டு தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கோ நெல்லை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். பாதரசம் சூடாக்கிய வீடு என்றால் அப்போது உள்ளே இருந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், தூங்கிக்கொண்டிருந்த குழந்தை உட்பட.